கடையை மூடினா கஜானாவை எப்படி நிரப்புவீங்க? அமெரிக்கா 1920, சேலம் 1937

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கோம், திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கோம்.)

இந்த வார எபிசோடை கொல்லிமலையில, வளப்பூர் நாட்டுல இருந்து பதிவு பண்றேன். "நாடு"னதும் தனி தேசம்னு நினைச்சுக்காதீங்க. கொல்லிமலையில ஊராட்சிகளுக்கே அப்படித்தான் பேர்: வாழவந்தி நாடு, அரியூர் நாடு, வளப்பூர் நாடுன்னு. அறப்பளீஸ்வரர் கோயிலும் ஆகாய கங்கை அருவியும் இந்த வளப்பூர் நாட்டுலதான் இருக்கு. பின்னாடி காத்து சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க, இங்க அது இலவசம்.

இன்னைக்கு விஷயம் அமெரிக்கா. அதுக்கும் கொல்லிமலைக்கும் என்னப்பா சம்பந்தம்னு கேப்பீங்க. இருக்கு. 1937 அக்டோபர் 1-ம் தேதி பிரிட்டிஷ் இந்தியாவிலேயே முதல்முறையா ஒரு மாவட்டம் முழுக்க சட்டப்படி மதுவிலக்கு வந்துச்சு. அது சேலம் மாவட்டம். நாமக்கல் தனி மாவட்டம் ஆனது 1997-லதான். அதனால நான் உக்காந்திருக்கிற இந்த மலையும் அன்னைக்கு அந்தச் சோதனைக்குள்ளதான் இருந்துச்சு. இதே சோதனையை ஒரு முழு தேசத்துல நடத்திப் பார்த்து, அதுக்கு நாலு வருஷம் முன்னாடிதான் கைவிட்டிருந்தது அமெரிக்கா.

ஒவ்வொரு தேர்தலுக்கும் நம்ம ஊர்ல "மதுவிலக்கு வேணுமா, வேணாமா?"ன்னு ஒரு விவாதம் கிளம்பும். ரெண்டு பக்கமும் கத்துவாங்க, முடிஞ்சதும் கடை திறந்தே இருக்கும். இந்தக் கேள்வியை எப்படிக் கேட்டா பதில் கிடைக்கும்னு பார்க்கறதுதான் இன்னைக்கு எபிசோட்.

நாலு திருத்தம், எட்டு வருஷம்

அமெரிக்காவுல 1890-கள்ல இருந்து 1920 வரைக்கும் இருக்கிற காலத்தை முற்போக்குக் காலம்னு சொல்வாங்க. பெரிய ஆலைகள், நெரிசலான நகரங்கள், குழந்தைத் தொழிலாளர்கள், கலப்பட உணவு, ஊழல் நகராட்சிகள். இதையெல்லாம் சட்டம் போட்டு சரி பண்ணிடலாம்னு படிச்ச நடுத்தர வர்க்கத்துல ஒரு பெரிய கூட்டம் நம்புச்சு. நிறைய சரியும் பண்ணாங்க. 1906-ல உணவு, மருந்து கலப்படத் தடைச் சட்டம் வந்துச்சு. 1913-ல இருந்து 1920-க்குள்ள மட்டும் அரசியலமைப்புக்கு நாலு திருத்தம்: வருமான வரி, செனட்டர்களுக்கு நேரடித் தேர்தல், மதுவிலக்கு, பெண்களுக்கு ஓட்டு.

இந்த நாலுல மதுவிலக்கு மட்டும் தனியா முளைச்ச கிறுக்குத்தனம்னு இப்ப நமக்குத் தோணும். அப்ப அப்படி இல்ல. பெண்கள் கிறிஸ்தவ மதுவிலக்குச் சங்கம்னு ஒண்ணு 1874-லயே தொடங்கியாச்சு. புருஷன் சனிக்கிழமை கூலியை வாங்கி நேரா சலூன்ல, அதாவது சாராயக்கடையில, கொடுத்துட்டு வருவான். பொண்டாட்டிக்கு ஓட்டு கிடையாது, கோர்ட்டுக்குப் போனாலும் பெருசா ஒண்ணும் நடக்காது. அவளால தெருவுல இறங்கிக் கேக்க முடிஞ்சது ஒண்ணே ஒண்ணு: "அந்தக் கடையை மூடு." பெண்கள் ஓட்டுக்கான போராட்டமும் மதுவிலக்குப் போராட்டமும் ஒரே வீட்டுல வளர்ந்த பிள்ளைங்க மாதிரி.

1893-ல சலூன் எதிர்ப்பு லீக் வந்துச்சு. இவங்க அரசியலை ஒரே கேள்வியா சுருக்கிட்டாங்க. வேட்பாளர் எந்தக் கட்சி, வீட்டுல குடிக்கிறாரா, இதெல்லாம் அவங்களுக்குத் தேவையில்ல. மதுவிலக்குக்கு ஓட்டுப் போடுவாரா? போடுவார்னா ஆதரவு. இல்லன்னா தோற்கடிக்க வேலை. இன்னைக்கு நாம பார்க்கிற பிரச்சாரக் குழு அரசியலுக்கு இவங்கதான் முன்னோடி.

நம்மள்ல பாதிப் பேர் ஐடி. ஒரு பழைய சிஸ்டத்துல இருந்து ஒரு மாட்யூலைத் தூக்கணும்னா முதல்ல என்ன பார்ப்போம்? இதை நம்பி வேற எதெல்லாம் ஓடுதுன்னு. சாராயக்கடையை நம்பி அமெரிக்காவுல நாலு விஷயம் ஓடிச்சு: அரசாங்கக் கஜானா, அந்தத் தொழில்ல இருந்தவங்க பிழைப்பு, வேலை முடிஞ்சு வர்ற ஆளோட சாயங்காலம், குடிக்குப் பழகிப்போன அவனோட உடம்பு.

கஜானாவை மட்டும் அவங்க முன்கூட்டியே பார்த்துட்டாங்க. அதுக்கு முன்னாடி, ஒரு கட்டத்துல, மத்திய அரசு வருமானத்துல மூணுல ஒரு பங்கு அளவுக்கு மது மேல போட்ட வரிதான். அது இல்லாம அரசாங்கத்தை ஓட்ட முடியாது. 1913-ல வருமான வரி வந்த பிறகுதான் மதுவிலக்கு சாத்தியம் ஆச்சு. 1920 ஜனவரியில அமலுக்கு வந்துச்சு.

மத்த மூணையும் பார்க்கல. சலூன் வெறும் குடிக்கிற இடம் இல்ல. வேலை எங்க இருக்குன்னு விசாரிக்கிற இடம், சம்பளச் செக்கை மாத்தற இடம், பேப்பர் படிக்கிற இடம், புதுசா வந்த குடியேறி தன் மொழியில பேசற இடம். சிகாகோவுல ஜேன் ஆடம்ஸ் இதைப் புரிஞ்சு வச்சிருந்தார். ஹல் ஹவுஸ்னு ஏழைகள் பகுதியிலயே வீடு எடுத்துத் தங்கி வேலை பார்த்தவர். 1893-ல அங்க ஒரு காபிக்கடையே திறந்தாங்க, சலூனுக்குப் போட்டியா. கடை நல்லாத்தான் ஓடிச்சு. ஆனா சலூன் கூட்டம் சலூனுக்குத்தான் போச்சுன்னு அவரே எழுதியிருக்கார்.

நாடு முழுக்க அமல்படுத்த ஆரம்பத்துல இருந்தது சுமார் 1,500 அதிகாரிகள். முதல் வருஷங்கள்ல குடி நிஜமாவே நல்லா குறைஞ்சுது, கல்லீரல் நோய்ச் சாவுகளும் குறைஞ்சுது. இதை யாரும் மறைக்கக் கூடாது. ஆனா போகப் போக கள்ளச் சந்தை வளர்ந்து, குடி திரும்ப ஏற ஆரம்பிச்சுது. தொழிற்சாலை ஆல்கஹாலைத் திருடி மக்கள் குடிக்கிறாங்கன்னு, 1927-ல இருந்து அதுல மெத்தனால் அளவைக் கூட்டச் சொல்லி அரசாங்கமே உத்தரவு போட்டுச்சு. ஜனங்க செத்தாங்க. நியூயார்க் நகரத் தலைமை மருத்துவ ஆய்வாளர் சார்லஸ் நாரிஸ், சாகறது ஏழைங்கதான்னு வெளிப்படையா கண்டிச்சார். பணக்காரனுக்குக் கனடாவுல இருந்து நல்ல சரக்கு வந்துகிட்டு இருந்துச்சு.

முடிச்சு வச்சதும் கஜானாதான். 1929-க்கு அப்புறம் பெருமந்தம். வருமானமே இல்லன்னா வருமான வரி எங்க வரும்? மதுவிலக்கை எடுக்கச் சொன்னவங்கள்ல டு பாண்ட் குடும்பம் மாதிரி பெரும் பணக்காரர்கள் முன்னாடி நின்னாங்க. அவங்க கணக்கு எளிசு: மது வரி திரும்ப வந்தா தங்க மேல இருக்கிற வருமான வரி குறையும். அதாவது தொழிலாளி கிளாஸுல இருந்து வர்ற காசு, முதலாளி கட்ட வேண்டிய காசுக்கு மாற்று. 1933 டிசம்பர் 5-ம் தேதி மதுவிலக்கு ரத்து.

இப்ப சேலம்

அமெரிக்கா கைவிட்டது ராஜாஜிக்குத் தெரியாம இல்ல. அவர் சேலத்துல வக்கீலா இருந்தவர், சேலம் நகராட்சித் தலைவரா இருந்தவர். 1925-ல திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்துல காந்தி ஆசிரமம் தொடங்கி, 1929-ல மதுவிலக்குக்குன்னே "விமோசனம்"னு ஒரு பத்திரிகை நடத்தினார். கல்கி அங்கதான் அவர்கூட வேலை பார்த்தார். அமெரிக்காவுல தோத்தா இங்கயும் தோக்கணும்னு இல்லைங்கறது ராஜாஜி வாதம். அங்க குடி சமூகம் ஏத்துக்கிட்ட பழக்கம், இங்க குடிக்கிறவனே அதைத் தப்புன்னு நினைக்கிறான், அதனால சட்டத்துக்கு ஊர் துணை இருக்கும்னார்.

ஊர் துணைக்கு ஒரு உதாரணம் ஏற்கனவே இருந்துச்சு. 1921-ல ஈரோட்டுல கள்ளுக்கடை மறியல். பெரியார் அப்ப காங்கிரஸ்ல இருந்தார். சேலம் தாதம்பட்டியில இருந்த தன் தோப்புல 500-க்கு மேல தென்னை மரங்களை வெட்டிச் சாய்ச்சார். அவர் மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாவும் மறியல்ல இறங்கினாங்க. போராட்டத்தை நிறுத்தறது தன் கையில இல்ல, ஈரோட்டுல இருக்கிற அந்த ரெண்டு பெண்கள் கையில இருக்குன்னு காந்தி சொன்னதா நம்ம ஊர்ல இன்னும் சொல்வாங்க. அமெரிக்கா மாதிரியே இங்கயும் முன்னாடி நின்னது பெண்கள்தான்.

1937 ஜூலையில ராஜாஜி சென்னை மாகாணத்தோட பிரதமர் ஆனார். அப்ப முதலமைச்சர் பதவிக்குப் பேரு அதுதான். மூணே மாசத்துல சேலத்துல மதுவிலக்கு. மாகாணம் முழுக்க ஒரே நாள்ல போடல, கவனிங்க. ஒரு மாவட்டத்துல ஓட்டிப் பார்த்தார். 1938-ல சித்தூர், கடப்பா, 1939-ல வடஆற்காடுன்னு படிப்படியா விரிச்சார். டிக்ஸன்னு ஒரு ஆங்கிலேய ஐ.சி.எஸ். கலெக்டர்தான் சேலத்துல நடத்திக் காட்டினார், ஆர்வமாவே. கடையை மூடினதோட விடாம, ஊர்கள்ல விளையாட்டு, பஜனை, நாடகம்னு சாயங்காலத்துக்கும் ஏதாவது ஏற்பாடு பண்ணப் பார்த்தாங்க. ஜேன் ஆடம்ஸ் யோசிச்ச அதே சாயங்காலம்.

குடும்பங்கள் சாப்பாட்டுக்கும் துணிக்கும் கூடுதலா செலவு பண்ணுதுன்னு அன்னைக்கு அறிக்கைகள் சொல்லுச்சு. கள்ளச்சாராய வழக்குகளும் கூடவே வந்துச்சு.

கொல்லிமலையை இந்த இடத்துல நினைச்சுப் பாருங்க. இன்னைக்கு நீங்க பைக்ல வர்ற 70 கொண்டை ஊசி வளைவு ரோடு 1937-ல கிடையாது. மேல வரணும்னா நடக்கணும், இல்ல டோலியில தூக்கிட்டு வரணும். சென்னையில எழுதின சட்டம் இங்க வந்து சேர்றதுக்கு ஒரு போலீஸ்காரர் மலை ஏறணும். ஆனா அதுக்கு 24 வருஷம் முன்னாடியே ஒருத்தர் ஏறி வந்து தங்கியிருந்தார். ஜெஸ்ஸி பிராண்ட். அவரும் மனைவி ஈவ்லினும் 1913-ல இருந்து வாழவந்தியில தங்கி வைத்தியம், பள்ளிக்கூடம், விவசாயம்னு வேலை பார்த்தாங்க. அவர் 1929-ல இங்கயே காய்ச்சல்ல இறந்தார். இங்க பொறந்து வளர்ந்த மகன் பால் பிராண்ட், பின்னாடி வேலூர் சி.எம்.சி.யில தொழுநோயாளிகளோட கைக்கு அறுவை சிகிச்சை செஞ்சு உலகப் புகழ் பெற்றவர். அவங்க மிஷனரிங்க, மதம் பரப்பவும்தான் வந்தாங்க. அதைத் தள்ளி வச்சுட்டுப் பார்த்தாலும், ஹல் ஹவுஸும் வாழவந்தியும் ஒரே மாதிரி வேலை: கூடவே தங்கறது. சட்டத்தால கடையை மூட முடியும். மூடின மறுநாள் கை நடுங்குற ஆளைப் பார்த்துக்க யாராவது கூட இருக்கணும்.

விற்பனை வரி பிறந்த கதை

இப்ப கஜானாவுக்கு வருவோம். 1937-ல சென்னை மாகாண வருமானத்துல சுமார் கால் பங்கு கள்ளு, சாராயத்துல இருந்து வந்துச்சு. கடையை மூட மூட அது போகும். அமெரிக்கா முதல்ல வருமான வரி, அப்புறம் மதுவிலக்குன்னு போனாங்க. ராஜாஜி தலைகீழ்: முதல்ல மதுவிலக்கு, அப்புறம் வரி. 1939-ல சென்னை பொது விற்பனை வரிச் சட்டம் வந்துச்சு. இந்தியாவுல பொது விற்பனை வரிங்கறதே அதுதான் முதல். கேளிக்கை வரியும் அதே வருஷம். வியாபாரிங்க கொதிச்சாங்க. "குடிக்காதவன் எதுக்குக் குடிகாரனுக்காக வரி கட்டணும்?"னு கேள்வி வந்துச்சு. இன்னொரு பக்கம், அதே பெரியார் பின்னாளில் மதுவிலக்கையே கடுமையா எதிர்த்தார். இந்த விஷயத்துல யாரையும் ஒரே வரியில அடைக்க முடியாது.

ஆனா அந்த வரி வேலை செஞ்சுது. மத்த மாகாணங்களும் அதை எடுத்துக்கிட்டாங்க. 1939 அக்டோபர்ல ராஜாஜி அமைச்சரவை ராஜினாமா பண்ணிச்சு, போர்க்காலத்துல கவர்னர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்தி வச்சுது. ஓமந்தூரார் காலத்துல, 1948 அக்டோபர் 2-ல இருந்து, மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1971 வரைக்கும் நீடிச்சுது. 1971-ல கலைஞர் அதை எடுக்கும்போது சொன்ன காரணங்கள்ல ஒண்ணு பணம்: புதுசா மதுவிலக்கு கொண்டுவர்ற மாநிலங்களுக்கு மத்திய அரசு மானியம் தருது, ஏற்கனவே கடைப்பிடிக்கிற தமிழ்நாட்டுக்குத் தரலைன்னு. 92 வயசு ராஜாஜி கொட்டுற மழையில கலைஞர் வீட்டுக்கே போய் வேண்டாம்னு கேட்டார். நடக்கல.

அதுக்கப்புறம் திறப்பு, மூடல், திறப்பு. 1983-ல மொத்த வியாபாரத்துக்கு டாஸ்மாக். 2003-ல சில்லறை விற்பனையும் அரசாங்கத்துக்கே.

இங்கதான் எனக்குத் தலை சுத்துச்சு. டாஸ்மாக் கடை எந்தச் சட்டத்துக்குக் கீழ ஓடுது தெரியுமா? தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937. ஆமா, ராஜாஜி போட்ட அதே சட்டம். அதுல விதிவிலக்கு, விதின்னு சேர்த்துச் சேர்த்து அதன் மேலயே கடையைக் கட்டிட்டோம். துறையோட பேரும் இன்னும் "மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வை"தான்.

இதைவிடப் பெரிய விஷயம் 2017. ஜி.எஸ்.டி. வந்தப்ப, மதுவை விடறதுக்காகக் கண்டுபிடிச்ச அந்த விற்பனை வரி பெரும்பகுதி ஜி.எஸ்.டி.க்குள்ள போயிடுச்சு. ஜி.எஸ்.டி. விகிதத்தை ஒரு மாநிலம் தனியா ஏத்தவோ இறக்கவோ முடியாது. ஆனா குடிக்கிற மதுவுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. பெட்ரோல், டீசலும் இன்னும் வெளியதான். அதாவது மாநில அரசு அவசரத்துக்குத் தானா திருகக்கூடிய குழாய்கள்ல பெருசு ஒண்ணு மது. 1939-ல மதுவுக்கு மாற்றா ஒரு வரி செஞ்சோம். 2017-ல அந்த மாற்றைக் கொடுத்துட்டு, மதுவைக் கையில வச்சுக்கிட்டோம்.

இன்னைக்கு டாஸ்மாக் மூலமா வர்ற வருமானம் வருஷத்துக்கு 45,000 கோடியைத் தாண்டிடுச்சு. மாநிலத்தோட சொந்த வரி வருவாயில கால் பங்குக்கும் மேல. 1937-ல நின்ன இடத்துக்கே கிட்டத்தட்ட திரும்பி வந்துட்டோம்.

அப்ப என்ன கேக்கணும்?

2016-ல 500 கடை மூடினாங்க. 2017-ல இன்னொரு 500. 2023-ல இன்னொரு 500. கடை எண்ணிக்கை குறைஞ்சுது, வருமானம் ஏறிச்சு. சேலத்துக்காரர் சசிபெருமாள், 2015 ஜூலை 31-ம் தேதி குமரி மாவட்டத்துல ஒரு கடையை மூடச் சொல்லி செல்போன் கோபுரத்துல ஏறிப் போராடினப்ப இறந்தார். ஒரு கடைக்காக ஒரு உயிர். அந்தக் கோபத்துக்குப் பதில் "500 கடை"ங்கற எண்ணிக்கை ஆகாது.

"மூடினா கள்ளச்சாராயம் வரும்"னு எதிர்ப்பக்கம் சொல்வாங்க. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு 60 பேருக்கு மேல இறந்தாங்க. அப்ப டாஸ்மாக் திறந்துதான் இருந்துச்சு. கடை குவார்ட்டருக்குக் காசு பத்தாதவன் பாக்கெட் சாராயத்துக்குப் போனான். நாரிஸ் 1927-ல சொன்னதுதான்: சாகறது ஏழை. அதனால கடை திறந்திருந்தா உயிர் பாதுகாப்புங்கற வாதமும் முழுசா நிக்கல.

என் நிலைப்பாட்டைக் கேக்கறீங்கன்னா, நாளைக்குக் காலைல மொத்தமா மூடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இப்படியே ஓடட்டும்னும் ஏத்துக்க மாட்டேன். தினக்கூலி வாங்கறவர் வீட்டுல இருந்து குடி வழியா ஒரு வரி போகுது. அந்த வீட்டுப் பெண் அதுக்குச் சம்மதிக்கவே இல்ல. அந்தக் காசுலதான் நமக்கு ரோடும், பஸ்ஸும், திட்டமும். சென்னையில, பெங்களூர்ல உக்காந்து கேக்கற நீங்களும் நானும் அதுல பயனாளிகள்.

அடுத்த தடவை ஒரு வேட்பாளர் மதுவிலக்குன்னு பேசினா, "மூடுவீங்களா?"ன்னு கேட்டு நிறுத்திடாதீங்க. அந்த 45,000 கோடிக்குப் பதிலா எதைக் கொண்டு வருவீங்க, யார்கிட்ட இருந்து? எத்தனை வருஷத்துல, எந்த மாவட்டத்துல முதல்ல? அரசு ஆஸ்பத்திரியில குடி நோய்க்குச் சிகிச்சைப் படுக்கை எத்தனை, கொல்லிமலை மாதிரி ஊருக்கு அது எவ்வளவு தூரம்? டாஸ்மாக் ஊழியர்களுக்கு என்ன வேலை? இதுக்குப் பதில் இருந்தா அது திட்டம். இல்லன்னா மேடைப் பேச்சு.

கிராம சபையும் இருக்கு. அக்டோபர் 2 காந்தி ஜெயந்திக்கு ஒவ்வொரு ஊராட்சியிலும் கூடும். சொந்த ஊருக்கு லீவுல போறவங்க ஒரு தடவை போய் உக்காருங்க. கடை வேண்டாம்னு எழுந்து பேசறது பெரும்பாலும் பெண்களாத்தான் இருக்கும். 1874-லயும் அவங்கதான், 1921-லயும் அவங்கதான்.

இவ்வளவுதான் மக்களே. உங்க ஊர்ல கடை மூடிப் பார்த்த அனுபவம் இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க, பேர் வேண்டாம்னா சொல்லிடுங்க. 1921-ல சென்னை மாகாணத்துல பெண்களுக்கு ஓட்டு எப்படி வந்துச்சுன்னு அடுத்த எபிசோட்ல பேசலாம்.